மாப்பிள்ளையின் ஸ்குவாடில் ஒரு நூப்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை விசாரிப்பது டீக்கடையில்தான். பையன் வீட்டுத் தெருமுனையில் எந்தக் கடை இருக்கிறதோ, அங்கே பெண்ணின் அப்பா போய் ஒரு டீயும் வடையும் வாங்கிக்கொண்டு, வேறு ஏதோ சோலியாக வந்தவர் மாதிரி பெஞ்சில் உட்காருவார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்பது டீ மாஸ்டரில் தொடங்கி வடைக்குக் காத்திருக்கும் நாய் வரை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை. பேச்சு மெல்ல மழையில் ஆரம்பித்து, பட்டாசு ஆர்டரைத் தொட்டு, கடைசியில் பையனிடம் வந்து நிற்கும். மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "அவரா, தங்கமான பையனாச்சே" என்பார். எந்தப் பையனைக் கேட்டாலும் தங்கம்தான். தெருவுக்கு நாலு தங்கம் நடமாடுகிற ஊரில் நகைக்கடைகளை எதற்குத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று நான் யோசித்தது உண்டு.

என் அப்பாவும் போனார். மினி லாரியில் லோடு அடிக்கிறவர், பேச்சு குறைவு. டீ குடித்தார், தங்கம் என்று கேட்டார், வந்து அம்மாவிடம் தங்கம் என்று சொன்னார். அதோடு விசாரணை முடிந்தது.

பையன் சாத்தூர் போகிற வழியில் இருக்கும் அவருடைய சித்தப்பாவின் பட்டாசுக் கம்பெனியில் மேனேஜர். வேலை ஆட்களைச் சேர்ப்பது, எந்த ரூமில் யார் உட்காருவது என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. என் அம்மா இன்னொரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பிருந்தே பார்க்கிறாள். நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் பண்ணுகிறேன். புலி வாயிலிருந்து பூ வாணம் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரிப் பாவங்களைச் செய்கிறவள் நான். கம்பெனி பஸ்ஸில் போகிறவளின் மகள், கம்பெனி மேனேஜர் வீட்டுக்குப் போகப் போகிறாள் என்பதில் அம்மாவுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. தரகர் வந்து சொன்ன நாளிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது.

பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, காராச்சேவு, காபி. பையனின் அம்மா கேசரியை வாயில் போட்டுக்கொண்டே மகனின் நல்ல குணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "குடி, சிகரெட்டு ஒண்ணும் கெடையாது. சாயந்தரம் கம்பெனி விட்டு வந்தா போன்ல ஏதோ கேம் வெளையாடுவான். அம்புட்டுத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். குழந்தைப் புத்தி, வெள்ளை மனசு என்று அதற்கும் ஒரு மார்க் போட்டார்கள்.

பிறகு எங்கள் இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள், தனியாகப் பேசிக்கொள்ள. தனியாக என்றால், படிக்கட்டில் என் அத்தை வத்தலைக் கிளறிக்கொண்டிருக்கும் தனிமை.

"சாப்பிட்டீகளா?" என்றார் அவர். கேசரிதான் சாப்பிட்டேன் என்றேன். "நான் யாருகிட்டயும் சத்தம் போட்டுப் பேச மாட்டேங்க. கம்பெனியில வேணும்னாக் கேட்டுப் பாருங்க. எல்லாரையும் வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவேன்" என்றார். குரல் அத்தனை பதமாக இருந்தது. சிரிக்கும்போது கண் சுருங்கியது. எனக்குப் பிடித்திருந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது. முந்தி வந்தவர்களில் ஒருவர் என் சம்பளத்தைக் கேட்டுவிட்டு மேலே பேசவே இல்லை. இவர் பேசினார்.

என்னைப் பற்றி இல்லை. அந்த கேமைப் பற்றி. அதைச் சொல்ல ஆரம்பித்ததும் ஆள் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். ஒரு தீவில் பாராசூட்டில் இறங்க வேண்டும், வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி, குண்டு, மருந்து எல்லாம் பொறுக்க வேண்டும், கடைசி வரை சாகாமல் இருக்கிற அணி ஜெயித்தது. நாலு பேர் ஓர் அணி. அதற்கு ஸ்குவாடு என்று பெயர். இவர் ஒரு குரூப் வைத்திருக்கிறார். இவர்தான் லீடர். குரூப்பின் பெயரையும் அதில் தன் பட்டப்பெயரையும் சொன்னார். சொல்லும்போது மார்பு கொஞ்சம் முன்னால் வந்தது. "புதுசா வர்ற பயலுகளையும் சேத்துக்கிடுவோங்க. நான்தான் ஒக்காந்து டிரெய்னிங் குடுப்பேன்."

இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போயிற்று. மாசக் கடைசியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் வைத்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. மாற்றிவிட்டால் முடிந்தது கதை. அதன் பிறகு வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால், எங்கள் தெருவில் காரணம் கேட்க மாட்டார்கள், அவர்களே ஒன்று தயார் செய்துகொள்வார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. டீக்கடையில் விசாரித்தால் அவர் டீக்கடையில் எப்படி என்றுதான் தெரியும். டீ மாஸ்டரை யார் திட்டப் போகிறார்கள், அடுத்த நாள் டீ வேண்டாமா. ஒரு மனுஷனைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், தனக்குக் கீழே இருக்கிறவனிடம், யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது, எப்படி இருக்கிறான் என்று பார்க்க வேண்டும். நான் கேமைப் போனில் இறக்கினேன். ஓர் ஆண்பிள்ளைப் பெயரை வைத்துக்கொண்டேன். அவருடைய குரூப்பில் சேர விண்ணப்பம் போட்டேன்.

குரூப்பின் வாசலில், 'புதியவர்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்று எழுதியிருந்தது. கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் பொம்மை கும்பிடு போட்டு வரவேற்குமே, அந்த அளவு அன்பு. உள்ளே போனதும் சட்டதிட்டங்கள் வந்து விழுந்தன. புதுசாக வந்தவன் மைக்கில் பேசக்கூடாது. வேண்டுமானால் எழுதலாம், அதையும் சுருக்கமாக. இது எனக்கு ரொம்ப வசதி. நல்ல துப்பாக்கி கிடைத்தால் சீனியருக்குக் கொடுத்துவிட வேண்டும். மருந்து கிடைத்தாலும் அப்படியே. வீட்டுக்குள் எதிராளி இருக்கிறானா என்று தெரியாவிட்டால் புதுசுதான் முதலில் உள்ளே போக வேண்டும். இருந்தால் தெரிந்துவிடும், எப்படித் தெரியும் என்று உங்களுக்கே புரியும். இப்படிச் செத்துப்போகிறவனுக்கு 'நூப்' என்று பெயர். அவனை முன்னால் அனுப்பியவனுக்கு 'லீடர்' என்று பெயர்.

இதையெல்லாம்விட அழகானது ஒன்று உண்டு. எந்தச் சந்தேகம் கேட்டாலும் அங்கே ஒரே பதில்தான். பழகிட்டு வா.

"எந்தத் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு அண்ணே?" என்று எழுதினேன்.

"பழகிட்டு வாலே."

"எங்கன பழகுறது?"

"ஆடித்தான்."

"சரி, இன்னைக்கு ஆட்டத்துக்குச் சேத்துக்கிடுங்க."

"பழகிட்டு வா."

நான் பிரஸ்ஸில் வேலைக்குப் போனபோதும் இதே வட்டத்தைத்தான் சுற்றினேன். அனுபவம் இருக்கா என்றார்கள். இல்லை, இங்கேதான் கிடைக்கும் என்று வந்தேன் என்றேன். அனுபவம் இல்லாமல் எப்படி என்றார்கள். ஆனால் அங்கே மாசம் பிறந்தால் சம்பளம் கொடுத்தார்கள். இங்கே இந்த ராஜாக்கள் என்ன கொடுக்கப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் ஆள் குறைந்ததால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். லீடரைத் தவிர இன்னும் இரண்டு பேர். ஒருவன் மைக்கைத் திறந்தால் எப்போதும் பின்னால் குக்கர் விசில் அடிக்கும். சுற்றிலும் எதிரிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போது, "ஏலே, மூணு விசில் ஆயிருச்சு, அடுப்ப அணை" என்று அவன் அம்மா குரல் கேட்கும். அவன் அணைத்துவிட்டு வருவதற்குள் செத்திருப்பான். இன்னொருவனை மனசுக்குள் வாத்தியார் என்று வைத்துக்கொண்டேன். நாம் செத்த பிறகுதான் அவன் பாடம் நடத்துவான். அங்கன போயிருக்கக் கூடாது, இங்கன திரும்பியிருக்கணும் என்று முழு விளக்கம் வரும். சாவதற்கு முன்னால் ஒரு வார்த்தை வராது.

லீடரின் குரலைக் கேட்டு முதலில் நான் தப்பான குரூப்புக்கு வந்துவிட்டேன் என்றே நினைத்தேன். மொட்டை மாடியில் பஞ்சு மாதிரி இருந்த குரலா இது? "ஏலே நூப்பு, எங்கலே பராக்கு பாத்துக்கிட்டு நிக்க? முன்னால போலே." போனேன். செத்தேன். "கண்ணு அவிஞ்சு போச்சாலே ஒனக்கு?"

அவர் செத்தால் மட்டும் காரணம் நெட். வேறு யாராவது செத்தால் காரணம் மூளை. ஒரு முறை நடு மைதானத்தில், வெட்ட வெளியில், தானாகப் போய் நின்று குண்டு வாங்கிக்கொண்டு விழுந்தார். "நெட்டு தொங்கிருச்சு" என்றார். குக்கர்காரன், "ஆமாண்ணே, இங்கயும் தொங்குது" என்றான். வாத்தியார் கூட, "இன்னைக்குப் பூராம் நெட்டு சரியில்ல" என்று ஒத்து ஊதினான். எனக்கு மட்டும் நெட் கல்லு மாதிரி நின்றது, என்ன செய்ய. இப்படி ஒவ்வொரு தோல்விக்கும் டவரைக் கை காட்டிவிட்டு, எல்லாரும் சுத்தமான கைகளோடு வீட்டுக்குப் போனார்கள்.

ஆனாலும் போய்க்கொண்டுதான் இருந்தேன். தீபாவளி முடிந்த சமயம், பிரஸ்ஸிலும் ஆர்டர் இல்லை, சாயந்தரம் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுவேன். ஒரு தடவை பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுட்டதில் எதிரி ஒருவன் விழுந்துவிட்டான். லீடர் மைக்கில், "ஏ, நம்ம பய தேறிட்டான்டா" என்றார். எனக்குக் குப்பென்று சந்தோஷமாக இருந்தது. சோறு பிசைந்துகொண்டே சிரித்தேனாம், அம்மா பார்த்துவிட்டு, "என்னடி, மாப்பிள்ளை நெனப்பா?" என்றாள். ஆமாம் என்று சொன்னால் அது பொய்யில்லை. இத்தனை நாள் திட்டு வாங்கியவளுக்கு அரை வார்த்தை பாராட்டு இப்படி இனிக்கும் என்றால், அந்தக் குரூப்பில் பையன்கள் ஏன் வருஷக் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

இனி ஒரு கதவு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் காலேஜ் படிக்கும்போது லீவில் அம்மாவோடு பட்டாசு வேலைக்குப் போயிருக்கிறேன். போன முதல் நாள் அம்மா ரூம் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டாள். உள்ளே போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கிற கரண்டு இறங்க. கதவை எந்தக் காரணத்துக்காகவும் சாத்தக் கூடாது. மருந்து நிரப்பிய சரக்கை உட்காருகிற இடத்தில் சேர்த்து வைக்கக் கூடாது, வெளியே கொண்டுபோய்விட வேண்டும். எதையும் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமல் வெளியே ஓட வேண்டும். ஒவ்வொன்றையும் என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். அவள் வேலைக்கு வந்த புதிதில் அவளுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவள் மருந்துத் தட்டைத் தரையில் இழுத்தாள், உரசித் தீப்பிடித்தது. இது அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் இன்றைக்கும் கசக்கிய காகிதமாக இருக்கிறது. முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொள்வாள். கேட்டால் கொசுவுக்கு என்பாள்.

அந்தப் பழக்கம் எனக்கு எலும்பில் இறங்கிவிட்டது. வீட்டில் குளியலறைக் கதவைத் தவிர எதையும் தாழ் போட மாட்டேன். கேமுக்குள் போனாலும் கை அதையேதான் செய்தது. நான் நுழைந்த வீட்டுக் கதவெல்லாம் ஆவென்று திறந்து கிடக்கும். "கதவை அடைலே, ஆள் இருக்குன்னு காட்டிக் குடுத்துருவான் போல" என்று தினமும் வசவு. மூட நினைப்பேன், கை வராது.

அன்றைக்கு நாங்கள் கடைசி வரை தப்பிவிட்டோம். இன்னும் ஓர் அணிதான் மிச்சம். ஒரு மாடி வீட்டுக்குள் மூவரும் பதுங்கி, கதவை அடைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் இருந்தார்கள். நான் பின்னால் ஓடி வந்தேன். என்னிடம் பை நிறையக் கையெறி குண்டுகள், சீனியர்களுக்காகப் பொறுக்கியது. வாசலுக்கு வந்ததும் என் கை என்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தது. குண்டுகளை எல்லாம் படியில் இறக்கி வைத்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போனேன். கதவைத் திறந்தபடி விட்டேன். நாலு பேர் இருக்கிற ரூமுக்குள் அவ்வளவு வெடியைக் கொண்டுபோய் வைக்கிறவளா நான்? அம்மா தோலை உரித்துவிடுவாள்.

எதிராளி வந்தான். படியில் வரிசையாகக் குண்டுகள். திறந்த கதவு. உள்ளே நாலு பேர். அவன் வாழ்க்கையில் இப்படி ஒரு விருந்தைப் பார்த்திருக்க மாட்டான். எங்கள் குண்டுகளையே எடுத்து ஒவ்வொன்றாக உள்ளே போட்டான்.

சத்தம் கேட்டதும் நான் இன்னொரு வாசல் வழியாக வெளியே ஓடினேன், திரும்பிப் பார்க்காமல். கொஞ்ச தூரம் போனதும் என்னையும் சுட்டுவிட்டான். ஆனாலும் அந்த மூவரைவிட அதிக நேரம் உயிரோடு இருந்தவள் நான்தான் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

குக்கர்காரன் அடக்க முடியாமல் சிரித்தான். வாத்தியாருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. லீடர் ஆரம்பித்தார். அவர் சொன்னதில் பாதியை எழுத மாட்டேன். எழுதக்கூடிய பாதியில் ஒன்று: "இப்பிடி ஒரு தறுதலைய வளத்து விட்டிருக்கா பாரு, அவளச் சொல்லணும்லே."

என்னை வளர்த்தவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் காதில் இயர்போன். அவள் உரித்தபடியே, மாப்பிள்ளை வீட்டுக்கு எந்தப் புடவை எடுத்துக் கொடுக்கலாம் என்று கேட்டாள். "அவுக அம்மாவுக்கு நல்லதா எடுக்கணும்டி. எம்புட்டு நல்லபடியா வளத்திருக்காக." எனக்குக் கண் எரிந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன், வெங்காயம் இல்லை. அவமானம், அப்புறம் கோபம். அந்தக் கேடுகெட்ட தீவில் நாலு பொம்மைகள் செத்ததற்காக என் அம்மாவை ஒருவன் வைகிறான், அவளோ அவன் அம்மாவுக்குப் புடவைக் கலர் யோசிக்கிறாள்.

இத்தனைக்கும் அவர் பட்டாசுக் கம்பெனி மேனேஜர். ஒருவன் வெடியை வாசலில் இறக்கி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டு வருகிறான் என்றால், 'ஏலே, நீ கம்பெனியில வேலை பாத்தியா?' என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்க வேண்டிய முதல் ஆள் அவர்தான். அவருக்கு அது தோன்றவே இல்லை.

கோபம் அடங்கட்டும் என்று மறுநாள் சாயந்தரம் நானே எழுதினேன். "அண்ணே, எதெது செய்யக் கூடாதுன்னு புதுசா வர்றவனுக்கு மொதல்லயே சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும்ல?"

பதில் மைக்கில் வந்தது. "எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்? எங்களுக்கு எவன் சொன்னான்? செத்துச் செத்துப் படிக்கட்டும். அப்பத்தான் மண்டையில ஏறும்." மற்ற இருவரும் ஆமாம் போட்டார்கள். குக்கர் விசில் அடித்தது.

பிரஸ்ஸில் என் பக்கத்து சீட்டு அக்காவிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "வெளையாட்டுல ஆம்பளைக அப்பிடித்தான்டி கத்துவாக. எங்க வீட்டுக்காரரு கேரம்போர்டுக்கே கத்துவாரு. அத வச்சு ஒரு சம்பந்தத்தக் கலைப்பியா? வீட்டுல சொன்னா ஒன்னையத்தான் கிறுக்குன்னு சொல்லுவாக." அதிலும் நியாயம் இருந்தது. பெண் பார்க்க வந்தவனை வேவு பார்க்க ஆண்பிள்ளை வேஷம் போட்டுத் தீவில் இறங்கினேன் என்று யாரிடம் சொல்வது? தவிர, விளையாட்டில் செத்தவன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வருகிறான். 'செத்துப் படி' என்று அங்கே சொல்வது ஒரு பேச்சாகவே இருக்கலாம். கம்பெனிக்குள் அவர் வேறு ஆளாக இருக்கலாம். எனக்கு அவர் வேறு ஆளாக இருக்க வேண்டும் என்றே இருந்தது. அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டேன். போனில் இல்லை, நேரில்.

இருக்கன்குடியில் வழக்கமான கூட்டம். மொட்டை போட்ட குழந்தைகள் சந்தனம் பூசிக்கொண்டு வீறிட்டுக் கத்தின. மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து இரண்டு வீட்டுக்காரர்களும் எதிரெதிராக உட்கார்ந்தோம். நடுவில் தரகர், இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு. வெற்றிலைத் தட்டு அம்மாவின் மடிக்கு முன்னால். முழுக்கை ரவிக்கை, புதுசு.

அவர் என் அப்பாவைப் பார்த்து, "வெயில்ல வந்திருக்கீக, மோர் வாங்கியாரச் சொல்லவா மாமா?" என்றார். அதே பஞ்சுக் குரல். அப்பா தங்கத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பெண்ணுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று தரகர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். யாரும் கேட்பதில்லை என்ற தைரியம். நான் கேட்டேன்.

"ஒங்க கம்பெனிக்குப் புதுசா வேலைக்கு வர்றவுகளுக்கு யாரு சொல்லிக் குடுப்பாக?"

அவருடைய அம்மா, "பொண்ணு வெவரமாத்தான் கேக்குது" என்று பெருமையாகச் சொன்னார். அவரும் சிரித்தார், கண் சுருங்க. "அதுக்குன்னு தனியா ஆளெல்லாம் எதுக்குங்க? சீசன் நேரம் ஆர்டர் குமிஞ்சு கெடக்கும். டிரெய்னிங் குடுத்ததா ஒரு கையெழுத்து வாங்கிக்கிட்டு உள்ள விட்ருவோம். பக்கத்துல இருக்கிறவுகளப் பாத்துப் பழகிக்கிடுவாக." அவரே இன்னும் கொஞ்சம் விளக்கினார். "நாம எம்புட்டுச் சொன்னாலும் ஏறாதுங்க. ஒரு தடவ கையச் சுட்டுக்கிட்டாத்தான் புத்தி வரும்."

மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை. எல்லாம் 'ங்க' போட்டுத்தான் சொன்னார். அதே ஆள்தான். விகுதிதான் வேறு.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் என்ன சொல்லி எழுந்திருப்பது என்று தெரியவில்லை. கேம் கதையை அந்த ஜமுக்காளத்தில் விரிக்க முடியுமா? எல்லாரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகர், "நல்ல நேரம் போகுது, தட்ட மாத்திக்கிடலாம்" என்றார்.

அம்மா தட்டை எடுக்கவில்லை. வலது கையால் இடது கையின் ரவிக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு தட்டைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்தாள். இழுக்கவில்லை, தூக்கித்தான் வைத்தாள்.

"நாங்க கொஞ்சம் யோசிச்சுச் சொல்றோம்ங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் யோசித்துச் சொல்கிறோம் என்றால் அர்த்தம் ஒன்றுதான். தரகரின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்தார், எழுந்து செருப்பைத் தேடப் போனார். பையனுக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை. நெட் தொங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். சாத்தூர் தாண்டியதும் சொன்னாள். "என்னையவும் அப்பிடித்தான்டி உள்ள விட்டாக. பழகிக்கிடுவன்னு." அவள் அதைப் பற்றி என்னிடம் சொன்னது அவ்வளவுதான். நான் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டேன்.

அப்போது என் போன் அதிர்ந்தது. கேம் குரூப்பிலிருந்து செய்தி. லீடர் அனுப்பியிருந்தார், கோயிலிலிருந்து வீட்டுக்குப் போவதற்குள்ளேயே அனுப்பியிருக்க வேண்டும், நல்ல எரிச்சலில் இருந்திருப்பார் போல. கதவை அடைக்கக்கூடத் தெரியாதவனுக்கு இந்தக் குரூப்பில் இடமில்லை, உன்னை நீக்கியாயிற்று, பழகிட்டு வா.

ஒரே நாளில் நாங்கள் அவரை வேண்டாம் என்று சொன்னோம், அவரும் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முந்திக்கொண்டது அம்மா. எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"யாருடி அது?" என்றாள் அம்மா.

"மாப்பிள்ளைதான்."

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தீவு, நூப், குக்கர், படியில் இறக்கி வைத்த குண்டு. குண்டை வெளியே வைத்தேன் என்றதும், "சரியாத்தான செஞ்சிருக்க" என்றாள், ரொம்ப நிதானமாக. வளர்த்தவளைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். கடைசியாக வந்த செய்தியைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படி என்றாள்.

"பழகிட்டு வா."

அம்மா தலையை ஆட்டினாள். "தரகர் நாளைக்கு பதில் கேட்டு வருவாரு. இதையே அவுகளுக்கும் சொல்லிவிட்ரு" என்றாள்.